தொடையும் முழங்காலும்

நார்த்தாமலையில் மேலமலையின்மீதுள்ள விஜயாலய சோழீசுவரத்தைத் தரிசித்துத் திரும்புகிறவர்கள் ஒரு விஷயத்தை அநுபவத்தில் அறிந்திருப்பார்கள். பாறையில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ஆனால் முழங்கால் அதிகம் நோவதில்லை. இறங்கும்போது மூச்சு வாங்குவதில்லை. முழங்காலோ நடுங்குகிறது, தொடையின் முன்புறம் மறுநாளும் வலிக்கிறது. ஏறுவதே கடினம், இறங்குவது எளிது என்ற பொதுவான எண்ணத்திற்கு இது மாறாக இருக்கிறது. இதன் காரணத்தை அறிய விரும்புவோர் தொடையின் எலும்பும் தசைகளும், முழங்காலின் மூட்டும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

கூட்டுறவுச் சங்கத்தின் ஏட்டில் இப்பாடத்திற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். கடன் பத்திரத்தில் நிலமும் நகையும் ஈடாகக் காட்டப்படுகின்றன. ஆயினும் தவணையை உண்மையில் செலுத்துவது அங்கத்தினருடைய கையும் காலுமேயாகும். நார்த்தாமலையைச் சூழ்ந்த குன்றுகள் கருங்கற் குன்றுகள். கல் உடைப்பது அங்கே நெடுநாளையத் தொழில். கல் சரிந்து தொடையெலும்பு முறிந்த ஒருவர் மீண்டும் வேலைக்குத் திரும்ப மூன்று மாதத்திற்குக் குறையாமல் ஆகும். பலருக்கு ஆறு மாதமும் ஆவதுண்டு. அந்தக் காலத்தில் அவர் குடும்பம் வெளியில் வாங்கும் கைமாற்று, சங்கக் கடனைக் காட்டிலும் பெரிதாக வளர்ந்துவிடுகிறது. முறிந்த முதல் ஒரு மணி நேரத்தில் அருகில் இருப்பவர்கள் செய்வதும் செய்யாததுமே அவர் பிழைப்பதையும், பிற்காலத்தில் நேராக நடப்பதையும் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன.

சரீர உறுப்புக்களின் அமைப்பைக் கூறும் சாஸ்திரத்திற்குத் தமிழில் அங்காதிபாதம் என்ற பழைய பெயருண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியப் பணி செய்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன் என்பவர் மாணாக்கருக்கு இச்சாஸ்திரத்தைத் தமிழிலேயே போதித்து, நூல்களையும் தமிழில் அச்சிட்டார். ஆகவே இவ்விஷயம் தமிழில் சொல்வதற்கு அரியதன்று. கேட்பவர் தம் காலைத் தாமே தொட்டுப் பார்த்துக்கொண்டு படித்தால் போதும்.

தொடையெலும்பு

மனித சரீரத்திலுள்ள எலும்புகளில் மிக நீளமானதும் மிக வலுவானதும் தொடையெலும்பே. ஒருவருடைய உயரத்தில் ஏறக்குறையக் காற்பங்கு அதன் நீளமாகும். நடுப்பகுதி மூங்கிலைப்போல் உள்ளே குழலாக இருக்கிறது. குழலுக்குள் மஜ்ஜை நிறைந்துள்ளது. கெட்டியான கட்டையைவிடக் குழல் குறைந்த எடையில் அதிகப் பாரம் தாங்கும் என்பதை மூங்கிலால் பந்தலிடுகிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எலும்பின் பின்புறத்தில் நெடுக ஒரு வரப்பு ஓடுகிறது. தொடையின் பல தசைகள் அவ்வரப்பைப் பற்றிக்கொண்டுள்ளன.

மேல் முனையில் குழவியின் தலையைப்போன்ற உருண்டை ஒன்று உண்டு. அது இடுப்பெலும்பின் குழியில் பொருந்தித் திரும்புகிறது. இவ்வுருண்டைக்கும் எலும்பின் தண்டுக்கும் நடுவே சாய்வான ஒரு கழுத்து இருக்கிறது. கழுத்து தண்டைச் சேரும் இடத்தில் வெளிப்புறமாக ஒரு முண்டு புடைத்திருக்கும். நின்றுகொண்டு இடுப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையை அழுத்தி, பாதத்தை உள்ளும் புறமுமாகத் திருப்பினால், அம்முண்டு கைக்கடியில் உருள்வதை யாரும் உணரலாம்.

கழுத்தைப்பற்றி ஒன்று விசேஷமாகச் சொல்லவேண்டும். வயது சென்ற பெண்களுக்கு எலும்பின் சத்துக் குறைந்துவிடுவதால், முற்றத்தில் வழுக்கி விழுந்த அளவிலேயே இக்கழுத்து முறிந்துவிடுவதுண்டு. அப்போது அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தோன்றும். பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். உருண்டைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் சிறு குழாய்கள் பெரும்பாலும் கழுத்தை ஒட்டியே செல்கின்றன. கழுத்து முறியும்போது அவையும் அறுபடுவதால், இவ்வெலும்பு தானே கூடும் என்று காத்திருப்பது வீண். “பாட்டிக்குப் பிடிப்பு, எண்ணெய் தேய்த்தால் சரியாகும்” என்று பத்து நாள் படுக்கவைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அந்தப் பத்து நாட்களில் படுக்கைப் புண்ணும் நெஞ்சில் சளிக்கட்டும் வந்து முதியவர் இறப்பதற்குக் காரணமாகின்றன. விழுந்தபின் எழுந்து நிற்கமுடியாத முதியோரை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோதல் வேண்டும்.

முழங்கால் மூட்டு

ஆட்டுக்காலைக் கொண்டு முழங்காலை விளக்கலாம். ஆனால் ஆட்டின் பின்னங்காலில் பின்னோக்கி மடிந்திருப்பதாகத் தோன்றும் மூட்டு முழங்காலன்று. அது குதிகாலுக்குச் சமமானது. ஆட்டின் மெய்யான முழங்கால் வயிற்றின் அருகே, தொடைக்கறியின் கீழ்முனையில் இருக்கிறது. கசாப்புக் கடையில் அதை அறுத்துப் பார்த்தால் மனிதனுடையதைப் போன்ற அமைப்பையே காணலாம்.

தொடையெலும்பின் கீழ்முனை இரண்டு உருண்ட புடைப்புக்களாக முடிகிறது. அதற்குக் கீழே கணைக்காலில் இரண்டு எலும்புகள் உள்ளன. அவற்றுள் முன்புறம் தோலுக்கடியில் கத்திமுனைபோல் கைக்குத் தட்டுப்படுவதே பருத்தது. உடலின் பாரம் முழுவதும் அதன் தலையில் இறங்குகிறது. வெளிப்பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பு முழங்கால் மூட்டில் சேர்வதேயில்லை.

பருத்த எலும்பின் தலை ஏறக்குறையத் தட்டையானது. தட்டையான தரைமீது உருண்டையான பானையை வைத்தால் அது நிலைக்காது. ஆதலால் பிரிமணை இடுகிறோம். முழங்காலிலும் அவ்வாறே உருண்ட புடைப்புக்கள் ஒவ்வொன்றின் அடியிலும், பிறைபோன்ற ஒரு குருத்தெலும்பு வளையம் இடப்பட்டிருக்கிறது. அது பாரத்தைப் பரவச்செய்து, எலும்பின்மேல் எலும்பு உராயாமல் காக்கிறது. மூட்டின் உள்ளே முட்டையின் வெண்கருவைப்போன்ற வழுவழுப்பான நீர் சிறிதளவு ஊறுகிறது. வண்டி அச்சுக்கு மசகு எப்படியோ, மூட்டுக்கு அந்நீர் அப்படி.

எலும்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாதபடி இருபக்கத்திலும் இரண்டு நார்களும், மூட்டின் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நார்களும் பிணைத்துள்ளன. நடுவிலுள்ள நார்களுள் முன்னது அறுபடுவது கபடி ஆடும் வாலிபர்களிடம் மிகுதி. பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடல் மாத்திரம் திடீரெனத் திரும்பும்போது இது நேர்கிறது. ‘டப்’ என்ற ஓசை கேட்டதாகவும், சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கிவிட்டதாகவும் சொல்வார்கள். வீக்கம் வடிந்தபின் நடக்க முடிவதால் குணமாகிவிட்டது என்று எண்ணி மறுபடியும் ஆடச் செல்கிறார்கள். பிணைப்பற்ற மூட்டு வழுகும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிறை வளையம் நசுங்கிக் கிழிகிறது.

இனி, முழங்காற் சில்லு. இது தசைநாணின் உள்ளேயே உண்டாகும் எலும்பு. குழந்தை பிறக்கும்போது குருத்தாக இருந்து, மூன்று வயதுக்கு மேல் மெல்ல எலும்பாகிறது. கவலை இறைக்கும் கிணற்றில் உருளை இல்லாமல் வடத்தை மதிலின்மீதே இழுத்தால் மாடு எவ்வளவு பாடுபடும்! சில்லு அவ்வுருளையின் வேலையைச் செய்கிறது. தொடைத் தசையின் நாணை மூட்டிலிருந்து சற்று விலக்கி நிறுத்துவதால், குறைந்த இழுப்பில் கால் நீளுகிறது.

தொடைத் தசைகள்

தசைகளை முன்புறம், உட்புறம், பின்புறம் என்று மூன்று கூட்டமாகப் பார்ப்பது எளிது. முன்புறத்தில் நான்கு தலைகளையுடைய பெரிய தசை இருக்கிறது. நான்கும் கீழே ஒரே நாணாகச் சேர்ந்து, சில்லைத் தன்னுள் அடக்கிக்கொண்டு, கணைக்காலெலும்பின் முன்மேட்டில் போய்ப் பொருந்துகின்றன. காலை நீட்டுவது இதன் தொழில். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருக்கும்போது சில்லுக்குக் கீழே மெல்லத் தட்டினால் கால் தானே துள்ளுவது இத்தசையினாலேயே. நரம்பின் நிலையை அறிய டாக்டர்கள் இப்படித் தட்டிப் பார்க்கிறார்கள். கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசியைத் தொடையின் முன்வெளிப்பக்கத்தில் போடுவதும் இத்தசையில்தான். அங்கே பெரிய இரத்தக் குழாயோ நரம்போ குறுக்கிடுவதில்லை.

உட்புறத் தசைகள் இரு தொடைகளையும் ஒன்றோடொன்று சேர்க்கின்றன. பனை ஏறுகிறவரும் குதிரை ஏறுகிறவரும் இவற்றின் உதவியை நன்கு அறிவர். பின்புறத் தசைகள் மூன்று. உட்காரும்போது தரையில் படும் எலும்பிலிருந்து புறப்பட்டு முழங்காலுக்குக் கீழே இருபக்கமும் போய்ச் சேர்கின்றன. உட்கார்ந்தபடி குதிகாலைப் பின்னுக்கு அழுத்தினால், முழங்கால் மடிப்பின் இருபுறமும் கயிறுபோல் விறைப்பவை இவற்றின் நாண்களே. காலை மடக்குவது இவற்றின் தொழில்.

இவையன்றி, இடுப்பின் முன்முனையிலிருந்து தொடையின் குறுக்கே சாய்வாக இறங்கி முழங்காலின் உட்புறம் சேரும் நாடாபோன்ற தசை ஒன்று உண்டு. உடலில் மிக நீளமான தசை அதுவே. ஐரோப்பியர் அதற்குத் தையற்காரத் தசை என்று லத்தீனில் பெயரிட்டனர். அங்கே சம்மணமிட்டு உட்காருகிறவர் தையற்காரர் ஒருவரே போலும்! பந்தியில் உட்காரும் நம் நாட்டாருக்கு அப்பெயர் சற்று வேடிக்கையாகவே இருக்கும்.

இப்போது மலையிறக்கத்திற்கு வருவோம். ஏறும்போது முன்தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, விழவிருக்கும் உடலைப் பிடித்து நிறுத்திக்கொண்டே மெல்ல நீளவேண்டியிருக்கிறது. பாரவண்டி மேட்டிலிருந்து இறங்கும்போது மாடு பின்னுக்குச் சாய்ந்து தாங்குவதைப் போன்றதே இது. சுருங்கும் வேலையைவிடத் தாங்கி நீளும் வேலை தசைநார்களை அதிகம் நோகச் செய்கிறது. அன்றியும் மடங்கிய முழங்காலில் சில்லு தொடையெலும்போடு பலமாக அழுத்தப்படுகிறது. சமதரையில் நடக்கும்போது இவ்வழுத்தம் உடலின் எடையில் பாதியளவே. படிகளில் ஏறி இறங்கும்போது மூன்று மடங்கிற்கும் மேல். முழுவதும் மடங்கிக் குந்தி எழும்போது ஏழு மடங்கிற்கும் மேல் என்று கணக்கிட்டுள்ளனர்.

நேராக நிற்கும்போது இத்தொல்லை இல்லை. முழங்காலை முற்றிலும் நீட்டியதும் தொடையெலும்பு சிறிது உட்புறமாகத் திரும்பி, கதவின் தாழ்போல் மூட்டைப் பூட்டிவிடுகிறது. அதனால் தசைக்கு அதிக வேலையில்லாமலே நெடுநேரம் நிற்கமுடிகிறது. மடக்கத் தொடங்கும்போது முழங்காலின் பின்னே உள்ள ஒரு சிறு தசை அப்பூட்டைத் திறக்கிறது. நிற்பவரின் முழங்கால் மடிப்பில் பின்னாலிருந்து தட்டிச் சிறுவர்கள் விளையாடுவது இந்தப் பூட்டைத் திடீரென்று திறந்துவிடும் விளையாட்டே.

குந்தி உட்கார்ந்து வேலை செய்வது இந்திய மக்களுக்கு இயல்பு. லாகூர் வைத்தியக் கல்லூரியில் அங்காதிபாதம் போதித்த ஹேவலாக் சார்ல்ஸ் என்பவர் பஞ்சாபியருடைய கால் எலும்புகளை ஆராய்ந்து, குந்தி உட்காரும் பழக்கத்திற்கேற்ற தடங்கள் கணைக்காலெலும்பிலும் அதன்கீழ் உள்ள எலும்பிலும் பதிந்திருப்பதாக 1893-இல் எழுதினார். ஆகவே குந்துவதே தீமை என்று பயப்படவேண்டியதில்லை. எழாமல் மணிக்கணக்காகக் குந்தியிருப்பதுதான் தீமை. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், மெல்லிய எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் செல்கிறது. நெடுநேரம் குந்தினால் அது நசுங்கும். பாதத்தின் மேற்புறம் மரத்து, முன்பாதத்தைத் தூக்க முடியாமல் கால் தரையில் இழுபடும். நாற்று நடுகிறவர்களும் ஜல்லி உடைக்கிறவர்களும் அடிக்கடி எழுந்து காலை நீட்டிக்கொள்வது வேலைக் கள்ளமென்று மேஸ்திரிகள் கருதலாகாது.

முறிவு

தொடையெலும்பு நடுவில் முறிந்தால் சுற்றியுள்ள தசைகள் சும்மா இருப்பதில்லை. அவை மிக வலியனவாதலால் முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துவிடுகின்றன, கால் குட்டையாகிறது. கையால் இழுத்து அதை நேராக்கி, மூங்கிற் பத்தையும் மாவும் வைத்துக் கட்டி நிறுத்திவிடலாம் என்பது வீண் எண்ணம். மணிக்கட்டு முறிவில் நல்ல பலன் காட்டும் நாட்டுக் கட்டும் தொடையில் தோற்றுப்போவது கட்டுகிறவரின் கைக்குறையால் அன்று, தசையின் பலத்தால். ஹியூ ஓவன் தாமஸ் என்ற வேல்ஸ் நாட்டு வைத்தியர் 19-ஆம் நூற்றாண்டில் காலை இழுத்து நிறுத்தும் இரும்புச் சட்டம் ஒன்றை அமைத்தார். முதல் உலக யுத்தத்தில் அதைப் போர்முனையிலேயே மாட்டத் தொடங்கியபின் தொடை முறிந்த சிப்பாய்கள் இறப்பது மிகவும் குறைந்தது. 1939-இல் ஜெர்மனியில் குன்ட்ஷர் என்பவர் எலும்பின் குழலுக்குள்ளேயே நீண்ட உலோக ஆணியைச் செலுத்தும் முறையைக் கையாண்டார். இன்று ஆஸ்பத்திரிகளில் செய்யப்படுவது அதன் திருந்திய வடிவமே.

இறப்பானேன் என்று கேட்கலாம். தோல் கிழியாவிட்டாலும், முறிந்த தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் கசிந்து தங்கக்கூடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது; முகம் வெளுத்து, வேர்த்து, நாடி விரைந்து ஓடும். முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்தாலோ வேறோர் ஆபத்து உண்டு. கெண்டைக்காலின் தசை முறிந்த கீழ்த்துண்டைப் பின்னுக்கு இழுக்கிறது. முழங்கால் மடிப்பில் எலும்பை ஒட்டிச் செல்லும் பெரிய இரத்தக் குழாயை அம்முனை கிழித்துவிடலாம்.

ஆகவே முறிந்தவரை எழுப்பி நிறுத்திப் பார்த்தலும், காலை மடக்கிப் பார்த்தலும், இருசக்கர வண்டியில் இருவர் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோதலும் கூடா. கிடந்த இடத்திலேயே, அக்குளிலிருந்து குதிகால் வரை நீளும் பலகையோ மூங்கிலோ வெளிப்பக்கம் வைத்து, இரு கால்களுக்கும் நடுவே துணியைத் திணித்து, முறிந்த காலை நல்ல காலோடு சேர்த்துத் துண்டுகளால் கட்டவேண்டும். கட்டு முறிவின்மேல் படலாகாது. புண் திறந்திருந்தால் சுத்தமான துணியால் மூடவேண்டும். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளலாகாது. சோடாவும் காப்பியும் கொடுத்துத் தேற்றுவது நல்லெண்ணமேயாயினும், மயக்க மருந்து கொடுக்கவேண்டியிருக்கும்போது அது இடையூறாகிறது. 108 என்ற எண்ணில் அழைத்தால் வரும் ஆம்புலன்ஸ் வண்டி தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் உண்டு.

எவர் கட்டிய கட்டாயினும், கட்டியபின் கால்விரல்கள் சில்லிட்டு, நீலம் பாய்ந்து, மரத்து, விரலை அசைத்தால் பொறுக்கமுடியாத வலி எடுக்குமானால் கட்டு இறுகிவிட்டது என்று அறிந்து உடனே அவிழ்த்து, தாமதமின்றி டாக்டரிடம் செல்லவேண்டும். விடியட்டும் என்று காத்திருந்து காலையே இழந்தவர்கள் உண்டு. அடிபட்டுக் கன்றிய தொடையை எண்ணெயிட்டு உருவுவதும் தவறு. கசிந்த இரத்தம் தங்கிய தசையை நீவிப் பிசைவதால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து முழங்கால் மடங்காமற் போய்விடும் நிலை சிலருக்கு ஏற்படுகிறது.

கொம்புக் காயம்

புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் மாட்டின் கொம்பு தொடையில் பாய்வது புதிய செய்தியன்று. தொடை இடுக்கின் நடுவே விரல் வைத்தால் துடிக்கும் இரத்தக் குழாய், தொடையின் உட்புறமாக இறங்கி முழங்காலின் பின்னே செல்கிறது. மேலே இடுக்கின் அருகில் அது தோலுக்குச் சமீபமாகவே இருப்பதால் கொம்புக்கு எளிதில் இலக்காகிறது. ஸ்பெயின் தேசத்தில் காளைப் போரில் பேர்பெற்ற மனோலெட்டே 1947 ஆகஸ்டில் தொடையில் கொம்பு பாய்ந்த காயத்தினால்தான் மாண்டார். இத்தகைய காயத்தில் சில நிமிஷங்களே அவகாசம். மஞ்சளோ காப்பித்தூளோ தேடி ஓடாமல், சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் உடற்பாரம் முழுவதையும் செலுத்தி அழுத்தவேண்டும். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும். துணி நனைந்தால் அதன்மேலேயே மற்றொரு துணியை வைத்து, வண்டி வரும்வரை கையை எடுக்காமலிருத்தல் வேண்டும்.

தேய்ந்த முழங்கால்

வயதானவர்களின் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் காரணம், எலும்பு முனைகளைப் போர்த்திய குருத்து தேய்ந்து போவதே. தேய்ந்ததை முன்போல் வளர்க்கும் தைலமோ மாத்திரையோ இல்லை. வலி மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்காக விழுங்குவதால் வயிறும் சிறுநீரகமும் கெடுகின்றன. ஆனால் வலியஞ்சி நடவாமலிருந்தால் முன்தசை விரைவில் மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டின் பாரம் கூடி வலி மேலும் அதிகமாகிறது. இதற்குச் செலவில்லாத பயிற்சி ஒன்று உண்டு. பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலால் அதைத் தரையோடு அழுத்தி ஐந்து எண்ணும் வரை நிறுத்தி விடவேண்டும். காலையும் மாலையும் பத்துப் பத்து முறை செய்து வந்தால் சில வாரங்களில் எழுந்து உட்காரும் சிரமம் குறைவதைக் காணலாம். பருத்த உடலினர் எடையைக் குறைத்தால் பலன் இன்னும் அதிகம்.

சங்கக் கட்டிடத்தின் சுவரில் தூக்குப் படுக்கை ஒன்றை மாட்டி வைப்பது பெருஞ்செலவன்று. ஆள் நீளத்துக்குமேல் ஒவ்வொரு பக்கமும் ஒரு முழம் மிஞ்சும்படி இரண்டு முற்றிய மூங்கில்களும், இருபுறமும் மூங்கில் நுழையும்படி மடித்துத் தைத்த இரட்டைச் சாக்கும் போதும். அதனுடன் அக்குள் முதல் குதிகால் வரை எட்டும் பலகை ஒன்று, இடுக்கிலிருந்து குதிகால் வரை எட்டும் பலகை ஒன்று, அகலமான துண்டுகள் எட்டு ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி வைக்கலாம். இரவிலும் எடுக்கக் கூடிய இடத்தில் அது இருக்கவேண்டும். பீரோவில் பூட்டிச் சாவியைக் காரியதரிசி வெளியூருக்கு எடுத்துப்போகும் வழக்கம் இதற்கு உதவாது. நான்கு பேர் தூக்கிப் பழகுவதற்கு மாதக்கூட்டம் முடிந்தபின் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதுமானது.